டீ கேனுக்குப் பின்னால் வந்த டவுன் பஸ்

பத்து மணிக்கு வயலுக்குப் போக வேண்டிய டீ பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறிப்போய்.

தூரம் மூன்று கிலோமீட்டர். சைக்கிளில் போனேன். உருட்டிக்கொண்டு நடந்திருந்தால்கூட முன்னாடியே போயிருப்பேன்.

காரணம் ரோடு இல்லை. டயர் இல்லை. என் வயசும் இல்லை.

பாதுகாப்பு!

போன மாசம் குருவிநத்தம் ரோட்டில் ஒரு மினி லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ கேனில்தான் ஒரு ஒடுக்கு. ஆனால் வீட்டில் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

"இந்த சைக்கிள் காயலாங்கடைக்குப் போவுது. இனிமே ஷேர் ஆட்டோவுல போ" என்றாள் என் சம்சாரம் தனம்.

ஷேர் ஆட்டோ! டிரைவர் பக்கத்தில் கால் சீட்டில் தொங்கிக்கொண்டு! முப்பது வருஷமாக ஓட்டுகிற சைக்கிள். முடியாது என்றேன். மூன்று நாள் குழம்பில் உப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தான் தனத்தின் அண்ணன் மகன் ரமேஷ். அங்கே அவன் சைக்கிள் பைத்தியமாம். தன் பையிலிருந்து ஒரு கறுப்பு டப்பாவை எடுத்து என் கேரியரின் வால் பக்கம் மாட்டினான். இன்னொரு குட்டி டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டினான்.

"மாமா, இது ரேடார் லைட்டு. பின்னாடி நூறு மீட்டருக்கு அந்தாண்ட வண்டி வரும்போதே கண்டுபிடிச்சிடும். முன்னாடி டப்பாவுல புள்ளி ஏறும், பீப்புன்னு கத்தும். பின்னாடி செவப்பு லைட்டு வேகமா மின்னும். கத்துச்சுன்னா நீங்க..."

"வண்டி வருது. புரிஞ்சிது. போ."

"இல்ல மாமா, இன்னும் கொஞ்சம்..."

"போடா."

மீதியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் எங்கள் வயலில் நடவு. பன்னிரண்டு பெண்கள். தனம் விடியும்போதே வயலுக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது சைக்கிளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை.

"பத்து மணிக்கு டீ வரணும். ரோட்டுலேர்ந்து உன்னப் பத்தி எனக்கு ஒரு போன் வரக் கூடாது. ரெண்டுல எது தப்பினாலும் சைக்கிள் போச்சு."

"சரி."

ஒன்பது இருபதுக்கு பாகூர் கடையில் டீ வாங்கினேன். கேன் கேரியரில். வடைப் பை ஹேண்டில்பாரில். ஏரிக்கரை தாண்டியிருப்பேன்.

பீப்!

வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். அந்த ரோட்டில் தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம். டீ கேனோடு ஓட்டிக்கொண்டே ஒதுங்கினால் கேனும் நானும் வாய்க்காலில். அதனால் இறங்கி ஓரமாக நின்றேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம். வயசானவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றால் எவனும் கேட்காமல் தாண்டிப் போக மாட்டான். போனால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவன் பேர் கெட்டுவிடும்.

வந்தது பால் சொசைட்டி ஏழுமலை. பைக்கை நிறுத்தினான்.

"இன்னா சித்தப்பா, பஞ்சரா?"

"இல்ல. நீ போ."

"காத்து கம்மியா கீதே!"

"இல்லன்றேன்."

அவன் கேட்டால்தானே! பைக் பெட்டியிலிருந்து பம்பை எடுத்தான். இரண்டு டயருக்கும் அடித்தான். அடித்துக்கொண்டே அவன் மாமியார் வீட்டுச் சண்டையையும் சொன்னான். பத்து நிமிஷம்.

ஏறி மிதித்தேன். நூறு அடி.

பீப்!

இறங்கினேன். ஷேர் ஆட்டோ. நின்றது. உள்ளேயிருந்து நாலு பெண்கள் இறங்கினார்கள்.

"ஐயய்யோ, மயக்கமா பெரிப்பா?"

"மயக்கமெல்லாம் இல்ல."

"மயக்கம் வந்தவங்க எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்க. ஒக்காரவைடி!"

உட்கார வைத்தார்கள். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். ஒருத்தி பாட்டில் தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். ஒருத்தி வடைப் பையை மோந்து பார்த்தாள்.

"வெறும் வயித்தோட வந்திருப்பாரு. ஒரு வடைய வாயில வை."

என் வடை. எனக்கே ஊட்டினார்கள். ஆளுக்கு ஒன்று அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. எழுந்து, துண்டைக்கூட எடுக்காமல் ஓடிவந்து ஏறினேன்.

பீப் பீப் பீப்!

டவுன் பஸ். இறங்கி நின்றேன். பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறு பெரிசு!"

"ஏறல."

"அப்புறம் இன்னாத்துக்கு நிக்கற?"

"நீ போவணும்னுதான் நிக்கறேன்."

"நீ நின்னா நான் எப்டிப் போவறது? சைக்கிள மேல ஏத்தணுமா?"

"யோவ், போயா!"

"கை காட்டி நிறுத்திட்டு போன்றான் பாரு!"

நான் கை காட்டவில்லை. வழிவிட்டேன். பஸ்ஸுக்குள் முப்பது பேரும் கண்டக்டர் பக்கம். ஒருத்தர்கூட என் பக்கம் இல்லை.

அங்கேயே முடிவு பண்ணினேன். இனி இந்த டப்பா கத்திச் செத்தாலும் இறங்க மாட்டேன். பஸ் கிளம்புவதற்குள் மிதித்துப் போய்விட்டேன்.

நின்றிருந்த பஸ்ஸைத் தாண்டி ஒரு டிராக்டர் என் பின்னால் வந்து சேர்ந்தது. நாற்றுக் கட்டு ஏற்றிய டிராக்டர். தாண்டிப் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. பின்னாலேயே வந்தது. டப்பா நிறுத்தாமல் கத்தியது. திரும்பிக் கத்தினேன்.

"போடா முன்னாடி!"

"எப்டிப் போறது தாத்தா? செவப்பு லைட்டு போட்டுக்கினு ஆடி ஆடிப் போறே. எந்தப் பக்கம் திரும்பப் போறேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"திரும்பல!"

"அப்ப லைட்ட அணை!"

எப்படி அணைப்பது? அதுதான் நான் கேட்காமல் விட்ட மீதி.

அவன் நெருங்க நெருங்க லைட் வேகமாக மின்னியது. வேகமாக மின்ன மின்ன அவன் பயந்து மெதுவானான். டிராக்டருக்குப் பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் அதே ஷேர் ஆட்டோ. அதற்குப் பின்னால், சொசைட்டிக்கு ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்த ஏழுமலை. முன்னால் தலை நனைந்து, துண்டில்லாமல், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நான்.

திருப்பத்தில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்தார். எழுந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். வாசலில் நின்றவர்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

சாவு போகும்போது செய்வது!

"யாரு பூட்டது?" என்று மெதுவாகக் கேட்டார் ஒருத்தர்.

"யாரும் போவல. டீ போவுது."

"டீக்கா பஸ்ஸெல்லாம் வருது?"

பதில் சொல்ல நிற்கவில்லை. நின்றால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள். எனக்குப் பின்னால் ஒருத்தன் போனை எடுத்துக் காதில் வைத்ததை மட்டும் பார்த்தேன்.

அந்த போன் என்னை முந்திவிட்டது. போன் தாண்டும்போது ரேடார் கத்தவில்லை.

வயலுக்கு அரை கிலோமீட்டர் முன்னாலேயே தனம் எதிரில் ஓடிவந்தாள். அவள் பின்னால் முழங்கால் வரை சேறோடு பன்னிரண்டு பெண்கள். இரண்டு பேர் அழுதுகொண்டு. என்னைப் பார்த்ததும் தனம் நின்றாள். முதலில் மூச்சு வாங்கினாள். அப்புறம் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"உயிரோடதான் கீறியா?"

"இன்னா கேள்வி இது?"

"ரோட்டுல வுழுந்துட்டே, பஸ்ஸுல தூக்கிக்கினு வராங்கன்னு போன் வந்துதுயா! மணி பாத்தியா? பத்து நாப்பது! சைக்கிள வுடு கீழ. ஏழுமல, உன் பைக்குல கட்டுடா இத. நேரா காயலாங்கட."

ஏழுமலை சந்தோஷமாகக் கயிறு தேடினான். அவன் காற்றடித்த டயர்!

நான் ஹேண்டில்பாரை விடவில்லை. ஆனால் அவள் சொன்ன ரெண்டும் தப்பிவிட்டது. நேரமும் தப்பியது, போனும் வந்துவிட்டது.

நடவுப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். அந்தக் குழுவைக் கூட்டி வருகிறவள். சேற்றுக் கையை என் வேட்டியிலேயே துடைத்தாள். டப்பாவைக் குனிந்து பார்த்தாள். அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பின்னால்தான் பாதி பாகூரே நிற்கிறதே.

"இன்னாண்ணா இது?"

"பின்னாடி வண்டி வருதுன்னு சொல்லும்."

"உன்ன எறங்கச் சொல்லுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு எறங்கின?"

ஐம்பது பேர் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் வடைப் பையைச் சரியாக மாட்டினேன்.

அவள் குட்டி டப்பாவின் பக்கவாட்டைத் தடவினாள். ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்தினாள். சத்தம் நின்றது. திரையில் புள்ளி மட்டும் நின்றது. பின்னால் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டு அவங்களுக்கு. உன்னத் தாண்டி வளைஞ்சி போவாங்க. புள்ளி உனக்கு. பாத்துக்கினு நேரா மிதி. இந்தாண்ட அந்தாண்ட ஆடாத. எறங்காத. சத்தம்தான் ஒனக்கு ஆவாது, அத நிறுத்திட்டேன்."

அவ்வளவுதான். ரமேஷ் சொல்ல வந்த மீதி.

அப்புறம் தனத்திடம் திரும்பினாள்.

"அண்ணி, சைக்கிள அனுப்பிட்டா நாளைக்கு எங்களுக்கு டீ யாரு கொண்டாருவா? நீ நாத்துக் கட்டு எடுத்துக் குடுப்பியா, டீக்குப் போவியா? நாளைக்கு ஒரு நாளு பாரு. பத்தடிச்சி டீ வரலன்னா நானே காயலாங்கடைக்கு உருட்டிக்கினு போறேன்."

தனம் ஏழுமலையைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஏழுமலை கயிற்றைச் சுருட்டினான்.

மறுநாள் அதே ரோடு. ஒரு புள்ளி ஏறியது. திரும்பவில்லை. இறங்கவில்லை. தார் மேலேயே நேராக மிதித்தேன். ஒரு மினி லாரி, நல்ல அகலமாக விலகித் தாண்டிப் போனது. அடுத்து டவுன் பஸ். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் ஏறலயா?" என்றார். பஸ் நிற்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு வயலில் டீ. சூடாக. தனம் இரண்டு கிளாஸ் குடித்தாள். ராத்திரி குழம்பில் உப்பு இருந்தது.

இப்போது ஊரில் இன்னும் இரண்டு பெரிசுகள் இந்த லைட் வேண்டும் என்கிறார்கள். "வெளிநாட்டு சாமானாச்சே, கோளாறு வந்தா யாரு பாப்பாங்க?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

நடவு எங்கே நடக்கிறதோ அங்கே போங்கள். சேற்றில் நிற்பாள். பேர் அஞ்சலை.