போலி வைக்க மறந்த கல்யாணம்

கல்யாண வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவர்களால் எந்த ஆபத்தும் கிடையாது. உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள்தான் ஆபத்து. மயிலாடுதுறையில் எங்கள் அக்கா கல்யாணத்துக்கு அப்படிக் கிளம்பியவள் நான்.

அப்போது தஞ்சாவூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (தெனாவட்டும் கூடவே சேர்ந்திருந்தது.) லீவில் வீட்டுக்கு வந்தவள், உறவினர் எல்லாருக்கும் ஒரே அமுக்கில் மெசேஜ் போகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அழைப்பு, தேதி மாற்றம், ரத்து என்று மூன்று வகை. ரத்து எதற்கு என்று கேட்காதீர்கள். எதையும் முழுமையாகச் செய்கிற ஆளாம் நான்.

சோதித்துப் பார்க்கும்போது மெசேஜ் நிஜமாகப் போய்விடக் கூடாது. அதனால் அனுப்புகிற பகுதிக்குப் பதிலாக 'மாக்' என்று ஒரு போலியை வைப்போம். அது "அனுப்பிட்டேன்" என்று பதில் சொல்லும், எதையும் அனுப்பாது. அழைப்புக்கு மாக் வைத்தேன். தேதி மாற்றத்துக்கும் வைத்தேன். ரத்துக்கு வைக்க மறந்துவிட்டேன். போதாக்குறைக்கு, பொய் நம்பர் யோசிக்கச் சோம்பல்பட்டு உறவினர்கள், மாப்பிள்ளை, சமையல்காரர் என்று எல்லாருடைய நிஜ நம்பர்களையே ஏற்றியிருந்தேன்.

டெஸ்ட் எல்லாம் பாஸ்! பெருமையோடு டீ டம்ளரை எடுத்தேன். குடவாசல் மாமா போன் பண்ணினார்.

"என்னம்மா, கல்யாணம் நின்னுடுச்சாமே? மாப்பிள்ளைக்கு ஏதாவது கெட்ட பழக்கமா?"

அடுத்து சமையல்காரர். "அந்தத் தேதியை முத்துப்பேட்டை பார்ட்டிக்குக் குடுத்துடட்டுங்களா?"

அழுதுகொண்டே அப்பாவிடம் மாக்கை விளக்கினேன்.

"போலியை வைக்க மறந்து நிஜத்தை வெச்சுட்டியா? ஊர்ல மாத்தியில்ல பண்ணுவாங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை மட்டும் போனை எடுக்கவே இல்லை. மன்னார்குடியிலிருந்து கொட்டுகிற மழையில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வாசலில் நின்று அக்காவைப் பார்த்து, "நான் என்னங்க தப்பு பண்ணினேன்?" என்றார்.

நிச்சயம் ஆனதிலிருந்து அவரோடு நாலு வார்த்தை பேசியிராத அக்கா துண்டை நீட்டினாள். "நீங்க ஒண்ணும் பண்ணலை. பண்ணினது இவ. உள்ள வாங்க."

அப்புறம் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள்! மன்னிப்புக் கேட்கலாம் என்று நடுவில் இடம் தேடியே நான் களைத்துப்போனேன்.

கல்யாணம் குறித்த நாளில் ஜாம்ஜாமென்று நடந்தது. நின்றுபோன கல்யாணத்தைப் பார்க்கவே கூட்டம் கூடுதலாக வந்தது.

போன வருஷம் எனக்குக் குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து குடவாசல் மாமாவைக் கூப்பிட்டேன். "பொண்ணு பொறந்திருக்கா மாமா!"

"சந்தோஷம்மா. அவளைக் கொஞ்சம் அழச் சொல்லு, கேட்டுட்டு நம்பறேன்."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் குடும்பமே காத்திருந்தது. மகள் வீலென்று கத்தினாள்.

"நிஜம்தான்!" என்று மாமா அறிவித்த பிறகுதான் அங்கே எல்லாரும் கை தட்டினார்கள்.