வெள்ளை விரிப்பில் ஒரு கிரகம்

மனைவியைக் கேட்டுக் கேட்டுக் காரியம் செய்கிற ஆண்பிள்ளை உருப்படமாட்டான் என்று அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தேன். காரணம் இருந்தது. அது 1930ஆம் வருஷம். நாகர்கோவிலில் எங்கள் விஞ்ஞான சங்கத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு புரொபசர் வருகிறார். புதிதாகக் கண்டுபிடித்த கிரகத்தைப் பற்றி, கண்ணாடித் தகடுகளை லாந்தர் வெளிச்சத்தில் படமாகக் காட்டிப் பிரசங்கம். சங்கக் காரியதரிசி சத்தியநேசன், அதாவது நான், படம் விழுவதற்கு அகலமான வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவர வேண்டும்.

அப்படிப்பட்ட விரிப்பு என் மனைவி ராஜபாயின் பெட்டியில் இருந்தது. முந்தின வாரமே கேட்டுப் பார்த்தேன்.

“அது தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருக்கது. உங்க சங்கத்துக்குக் குடுத்த பாயே இன்னும் வரல்ல.”

ஆகவே பிரசங்கத்தன்று காலை அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பெட்டியைத் திறந்தேன். விரிப்பு மேலாகவே இருந்தது. மடிப்புக் கலையாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தேன். அவள் கூட்டத்துக்கு வந்து அதைப் பார்த்துவிட்டால் என் கதை முடிந்தது. அதனால், விஷயம் கனமானது, பெண்களுக்கு மண்டை இடிக்கும் என்று சொல்லிவைத்திருந்தேன். சரி என்றாள். அவள் ஒரே வார்த்தையில் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சாயங்காலம் பள்ளிக்கூட ஹாலில் நிற்க இடமில்லை. பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் ராஜபாய் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

புரொபசர் பேசப் பேச, எனக்கு மனைவியே மறந்துபோனாள். விரிப்பில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கருப்புப் புள்ளிகளாகவும் விழுந்தன. ஆராய்ச்சிக்காரர்கள் இப்படித்தான் பார்ப்பார்களாம். ஒரே இடத்தைச் சில நாள் இடைவிட்டு எடுத்த இரண்டு படங்கள். மற்றப் புள்ளிகளோடு சேராமல் எது தனியே நடந்துகொள்கிறதோ அதுதான் கிரகம் என்றார். என்ன எளிமை! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இரண்டாவது படத்தை மாட்டியபோது அது சற்றுத் தள்ளி விழுந்தது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக நகர்ந்தன. இடது ஓரத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. நான் பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன்.

“சாரே, அன்னா நிக்குது கிரகம்!”

புரொபசர் திகைத்தார். என் நியாயம் சரிதானாம். ஆனால் அவருடைய கிரகம் வலது பக்கமாம். அப்படியானால் இது இன்னொன்று! ஹால் கொந்தளித்தது. பக்கத்திலிருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீமைப் பத்திரிகைகளில் என் படம் வருவதையும், அந்தக் கிரகத்துக்குச் சத்தியநேசன் என்று பெயர் வைப்பதையும் நான் கண்ணால் கண்டேன்.

கண்ணாடியில் தூசியோ என்று புரொபசர் படத்தை வெளியே எடுத்தார். விரிப்பில் வெறும் வெளிச்சம். வானம் போய்விட்டது, நட்சத்திரங்கள் போய்விட்டன. என் கிரகம் மட்டும் அங்கேயே நின்றது.

முதல் பெஞ்சிலிருந்து ராஜபாய் எழுந்து என்னைக் கைகாட்டினாள்.

“சாரே, அது வாழைக்கறை. போன கிறிஸ்மஸுக்கு இவியதான் அந்த விரிப்புல வாழைக்குலையப் பொதிஞ்சு கொண்டுவந்தது.”

ஹால் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வீடு வந்ததும் நானே வாயைத் திறந்தேன். கறை பிடித்த துணியையா தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருக்கிறாய், முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேனே என்று கேட்டேன்.

ராஜபாய் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். பொட்டு அழுக்கில்லை.

“கல்யாணத்துக்கு உள்ளது இது. நீங்க எடுப்பியன்னு தெரிஞ்சுதான் கறபட்டத மேல வச்சேன்.”