ரிஸ்க் அண்ணன் வைத்த மொய் விருந்து

இந்த உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் ரிஸ்க் அண்ணன்தான். புதுக்கோட்டையில் நானும் அவரும் ஒரே வாடகை அறையில் இருந்தோம். கம்பெனிகள் தாங்காத கடனை ஏன் வாங்குகின்றன, கொடுப்பவர்கள் எதை நம்பிக் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய பிஎச்.டி. ஆராய்ச்சி. அதைக் கல்லூரியோடு விட்டிருக்கலாம். மெஸ்ஸுக்கும் கொண்டுவந்தார்.

மாதப் பணத்தை முன்கூட்டிக் கேட்ட மெஸ்காரரிடம், "நடுவுல கடையை மூடிட்டீங்கன்னா என் காசுக்கு என்னங்க பிணை?" என்றார்.

"ஏங்க, சோறு திங்க வந்தீங்களா, சோதனை போட வந்தீங்களா?" என்று அவர் கரண்டியை ஓங்க, நான்தான் குறுக்கே விழுந்தேன்.

ஒரு ஆவணியில் வடகாட்டுப் பக்கம் எங்கள் ஊர் மொய் விருந்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். கறிச்சோறு போடுவார்கள், வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் திருப்பி எழுத வேண்டும். பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. அண்ணன் கறியை இலையோரம் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"திருப்பித் தரலைன்னா?"

பக்கத்து இலையில் இருந்த என் சித்தப்பா சொன்னார்: "தராமப் போயிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட இங்கிட்டு வர்றது?"

மறு வருஷம் அண்ணனுக்கு உதவித்தொகை நின்றுபோனது. ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூட்டை கட்ட வேண்டிய நிலை. அழாக்குறையாக உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "நானும் மொய் விருந்து வைக்கப்போறேன்டா" என்றார். யாருக்கும் ஒரு மொய்கூட எழுதாதவர்! அதோடு விட்டாரா? அழைப்பிதழின் அடியில், 'இங்கு எழுதும் மொய் அபாயத்துக்கு உட்பட்டது. விருந்து வைப்பவர் படிப்பை முடிக்காமலும் போகலாம். யோசித்து வரவும்' என்று அச்சடித்துவிட்டார்.

"அட கிறுக்கு அண்ணே! இதைப் படிச்சா ஈ காக்கா வருமா?"

"கம்பெனிக்காரன் மறைக்கிறான்னுதானேடா பக்கம் பக்கமா எழுதுறேன். நானே மறைக்கலாமா?"

விருந்தன்று எங்கள் ஊரில் போட்ட பந்தல் உச்சிவெயில் வரை காலி. கறி ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் என் முகத்தையே பார்க்கவில்லை. அப்புறம் சித்தப்பா வந்தார், அவர் பின்னால் பாதி ஊர் வந்தது.

"கெட்டாலும் கெட்டுப்போவேன்னு முன்னாடியே சொல்ற ஆளு ஓட மாட்டாருடா" என்று சொல்லிவிட்டு முதல் மொய்யை எழுதினார். அண்ணன் பட்டமும் வாங்கினார்.

இப்போது மும்பையில் பெரிய வேலை. எங்கள் ஊரில் யார் விருந்து வைத்தாலும் ரயிலேறி வந்து எழுதினார். ஒவ்வொருவர் கணக்காகத் தீர்ந்தது. மிச்சம், அன்றைக்கு அவருக்கு மொய் எழுதியவர்களில் நான் ஒருவன்தான். அவர் போன பிறகு எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை. ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்.

இந்த ஆடியில் என் விருந்து. "லீவு இல்லடா" என்று போனிலேயே மொய்யை அனுப்பிவிட்டார். வந்த வேகத்தில் திருப்பி அனுப்பினேன். பதறிக் கூப்பிட்டார்.

"ஏன்டா, கொறைச்சலா இருக்கா?"

"அதெல்லாம் இல்லண்ணே. நேர்ல வந்து எழுதுங்க."

"எப்ப வருவேன்னு சொல்ல முடியாதே. பாக்கி நிக்குமேடா!"

"நிக்கட்டும்ணே" என்றேன். அதுவும் தீர்ந்துபோனால், அப்புறம் அவர் எதற்கு இங்கே வரப்போகிறார்?