ஜெனரேட்டர் நின்ற இடமெல்லாம் நீங்களும் நின்றது பற்றி

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

கீழ்பென்னாத்தூரில் பந்தலும் சீரியல் லைட்டும் போட்டு ஊரையே ஜொலிக்க வைக்கும் என் மனைவியின் அண்ணன், மரியாதைக்குரிய மச்சான் கண்ணாயிரம் அவர்களுக்கு, ஜெனரேட்டர் மெக்கானிக் வேணு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி சரோஜாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எப்போதும் குறைவிருக்காது, அது எனக்குத் தெரியும். போனில் பேசலாம்தான். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற ஆள், பஸ் ஸ்டாண்டே கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ரமணாசிரமம் பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் எங்கள் வாடகை ஜெனரேட்டரை இறக்கினோம். நீங்கள்தான் பந்தல். அரை மணி ஓடி நின்றுவிட்டது. தியானத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் சத்தம் ஓய்ந்ததே என்று என்னைக் கும்பிட்டார்கள், கெஸ்ட் ஹவுஸ்காரர் மட்டும் திட்டினார். டீசல் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், நிறைய இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்குது. அடுத்தது செங்கம் ரோடு காதுகுத்து. அங்கேயும் நீங்கதான் பந்தல். குழந்தைக்கு ஒரு காது குத்தினதும் லைட் போச்சு, அது இன்னொரு காதைப் பொத்திக்கிட்டு பந்தல் துணிக்குள்ள புகுந்துடுச்சு, தாய்மாமன் ஒத்தைக் கம்மலோட தேடறார். அங்கேயும் டீசல் நிறைய, திறந்து மூடினா ஓடுது. ரெண்டு இடத்துலயும் மெஷின் பக்கத்துல டீ கிளாஸோட நின்னுக்கிட்டு, "என்னா மாப்ள, படுத்துடுச்சா?"ன்னு சிரிச்சது யாரு மச்சான்?

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. ஆனால் உங்கள் மச்சினன் கோபி ஐடிஐ முடித்துவிட்டு சும்மா இருக்கிறான். எங்க ஓனர் ராமகிருஷ்ணன், "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா ஸ்பானரை வெச்சுட்டுப் போயிடு வேணு, கோபின்னு ஒரு பையன் இருக்கானாம்"னு சொல்றார். ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணு சினேகா ரிசப்ஷனுக்கும் இதே மெஷின்தான். அங்க நின்னா என் வேலையும் போச்சு, மாமான்ற மரியாதையும் போச்சு. என் தொழில்ல குறை கிடையாது. ஃபில்டர் துடைச்சு, ஆயில் பார்த்து, சந்தனம் குழைச்சு இன்ஜினுக்கு ஒரு பொட்டு, டேங்க் மூடிக்கு ஒரு பொட்டு வெச்சுத்தான் அனுப்பறேன். கெஸ்ட் ஹவுஸ்ல நின்னதும் திருஷ்டின்னு பொட்டைப் பெருசாக்கினேன். காதுகுத்துல அதைவிட சீக்கிரமா நின்னுச்சு. உங்க கண்ணு அவ்வளவு ஜாஸ்தி.

வீட்டில் அக்காவுக்கு என் நமஸ்காரம். சினேகாவுக்கு என் மனப்பூர்வமான ஆசீர்வாதம். கோபிக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்களை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்
வேணு

பி.கு.: ஷெட்டுக்குச் சோறு கொண்டு வந்த சரோஜா இதை வாங்கிப் படித்தாள். "கையில டீ கிளாஸ் இருந்தா எங்கண்ணன் வேற எதையும் தொட மாட்டாரு"ன்னு சொல்லி, கொண்டை ஊசியால மூடியில காஞ்சிருந்த சந்தனத்தைச் சுரண்டினா. அடியில காத்து போற ஓட்டை. அது அடைஞ்சா டீசல் இறங்காது, மூடியைத் திறந்தாத்தான் இறங்கும். மெஷின் அப்போதிலிருந்து நிற்காமல் ஓடுது. வேறு பேப்பர் இல்லாததால், மேலே உள்ளதை விட்டுவிட்டு இங்கிருந்து படிக்கவும். ஓனருக்குத் தெரிய வேண்டாம். ஞாயிறு நானே வர்றேன். அக்கா சந்தனக் கிண்ணத்தோட வந்தா என் நெத்தியோட நிறுத்தச் சொல்லுங்க, மெஷின் பக்கம் விடாதீங்க. எல்லாம் சரி மச்சான், கோபி பேரை எங்க ஓனர்கிட்ட சொன்னது யாரு?