ஐம்பது சென்டிமீட்டர் செழிப்பு

அன்புத் தங்கை பி-யூனுக்கு, தைனானிலிருந்து அக்கா யூ-யே எழுதிக்கொள்வது. இங்கே நானும் பேத்தியும் நலம், என் இடது முழங்கால் மட்டும் மழைக்கு மழை தன் இஷ்டம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருக்க மாட்சூ அம்மன் அருள் புரியட்டும். போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய்.

முன்னோர் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்யும் நாளன்று அத்தனை பேர் நடுவில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அக்கா, அஞ்சாம் கிளாஸ் படிச்சுட்டு முதுகுவலிக்கு நாற்காலி பாக்கப் போறியா? அதுக்கெல்லாம் டாக்டர் இருக்காங்க" என்றாய். ஒன்பதாம் வகுப்பு படித்தவள் நீ, சொல்லிவிட்டாய். இப்போது கேள்.

நம் பேத்தி யி-சுவான் வெளிநாட்டு நாடகங்களுக்குக் கீழே ஓடும் எழுத்தை எழுதுகிறவள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தபடி. கூடத்தில் பளிங்குக்கல் பதித்த நம் கருங்காலி நாற்காலி இருக்கிறதே, ராஜா உட்காரும் நாற்காலி, அதில்தான் உட்கார வைத்தேன். மூன்றே மாதத்தில் பிள்ளை இறால் மாதிரி வளைந்துவிட்டாள். மெத்தை ஒன்று வைத்தேன், வழுக்கியது. மூன்று வைத்தேன், அவள் முழங்கால் மேசைக்குக் கீழே போகவில்லை. பிறகு யாரோ சொன்னார்களென்று காற்றடைத்த பெரிய பந்து ஒன்றை அவளே வாங்கி வந்து அதன்மேல் உட்கார்ந்தாள், அது அவள் எழுந்த நேரம் பார்த்து உருண்டுபோய்ச் சாமி மேசையில் இடித்து, ஆரஞ்சுப் பழமெல்லாம் தரையில். முன்னோர்கள் என்ன நினைத்திருப்பார்கள். வீடு முழுக்க முதுகில் ஒட்டும் மருந்துப் பட்டை வாசனை, பிள்ளை பாதி நாள் குப்புறப் படுத்துக்கொண்டே வேலை செய்தாள். கடைசியில் ஒருநாள் பெட்டியைத் திறந்து துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தைபேயில் அவ அம்மா வீட்டில் நல்ல நாற்காலி இருக்காம், அங்கயே போயிடறேன் அம்மாச்சி என்கிறாள். உனக்கு வீடு நிறைய ஆள், பி-யூன். எனக்கு இவள் ஒருத்தி. அவளும் போய்விட்டால் யாருக்காக நான் மீன் பொரிப்பது?

அன்றைக்கே சாமி மேசை இழுப்பறையில் இருந்த அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கெ அம்மாளின் நாற்காலிக் கடைக்குப் போனேன். அப்பா கல்லறையைத் திருப்பிக் கட்டினோமே, அப்போது வாங்கிய ராசி நாடா, சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் நல்லதும் கெட்டதும் எழுதியிருக்குமே, அது. சிவப்பெழுத்தில் விழுந்தால் நல்லது, கறுப்பில் விழுந்தால் ஆகாது, கீழ் வரிசையைப் பாருங்கள் என்று கொத்தனாரே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தந்தார். நீ அன்று நிழல் தேடிப் போய்விட்டாய்.

பதினோரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் தூங்கியும் பார்த்தேன், நல்ல தூக்கம். கெ அம்மாளும் பொறுமைசாலிதான். பின்பக்கம் முழுக்க உள்ளே தள்ளி உட்காரணும், இடுப்புக் குழியில் சாய்மானம் படணும், மேசைமேல் கையை வைத்தால் தோள் தூக்கக் கூடாது, பாதம் தரையில் படணும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள், "ஆச்சி, நாற்காலி உங்களுக்கா, பேத்திக்கா?"

"பேத்திக்குத்தான்."

"அப்ப பேத்தியில்ல வந்து உக்காரணும்?"

"அவ இடுப்பு என் இடுப்புதான். எங்க குடும்பத்துக்கே ஒரே இடுப்பு."

இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் சாம்பல் நிற நாற்காலி ஒன்று என் முதுகைத் தெரிந்த மாதிரி பிடித்துக்கொண்டது. நாடாவை இழுத்தேன். இது ஏறும் இறங்கும், அளக்கவே வேண்டாம் என்றாள். அதிர்ஷ்டமும் ஏறி இறங்குமா என்று கேட்டேன், அவளே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். தரையிலிருந்து இருக்கை வரை ஐம்பது சென்டிமீட்டரில் சிவப்பாக 'செழிப்பு' விழுந்தது. அங்கேயே நிறுத்தச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் யாரும் தொடாதபடி ஏற்றி இறக்கும் கைப்பிடியைப் பட்டையால் ஒட்டிவிட்டேன். பிள்ளைக்குக் கால் தொங்கியது, உண்மைதான். அதனால் என்ன, பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

இரண்டு வாரம், பி-யூன். இரண்டே வாரம். பட்டை வாசனை போயிற்று. பிள்ளை மூங்கில் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறாள். வைத்தியசாலையில் முதுகுப் பயிற்சி தருகிறவரிடம் அவள் உட்கார்ந்திருக்கும் போட்டோவைக் காட்டினாளாம், முழங்கால், முழங்கை, இடுப்பு எல்லாம் சரியாக இருக்கிறது, யார் பார்த்து வைத்தது என்று கேட்டாராம். எங்க அம்மாச்சி என்றாளாம். டாக்டர் இருக்காங்க என்றாயே, இதோ டாக்டர் இடத்தில் இருப்பவரே கேட்கிறார். நேற்று பெட்டி அலமாரிமேல் ஏறிவிட்டது. துணியெல்லாம் பழையபடி கொடியில்.

உன் வீட்டுக்காரரும் நாள் முழுக்கக் குனிந்து தூரிகையால் மந்திரம் எழுதி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்றாயே. அக்கா சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்: ஐம்பது சென்டிமீட்டர். படித்தவள் நீ, மறக்க மாட்டாய்.

சின்னவர்களுக்கு ஆசி, பெரியவருக்கு வணக்கம், உனக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

அக்கா,
யூ-யே

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் யி-சுவான் நாடாவைப் பார்த்துவிட்டு, எந்த வரிசையில் அளந்தீங்க என்றாள். கீழ் வரிசை என்றேன். "அம்மாச்சி, கீழ் வரிசை கல்லறைக்கும் சாமி மேசைக்கும். உயிரோட இருக்கறவங்களுக்கு மேல் வரிசை." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேல் வரிசையில் ஐம்பதுக்குக் கறுப்பாக 'நோய்' என்று இருக்கிறது. நாற்காலியை இறக்க ஓடினேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதம் தரையில் படுகிற மாதிரி, வாங்கி வந்த மறுநாளே இறக்கிவிட்டுப் பட்டையைத் திருப்பி ஒட்டிவிட்டாளாம். அரிசி மூட்டை? "உங்க செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் காலைத் தூக்கி மேல வைப்பேன்." அவள் இறக்கிய இடத்தை அளந்தேன். நாற்பத்து நான்கு. மேல் வரிசையில் சிவப்பாக 'செல்வம்'. நாற்காலி நான் வாங்கியதுதானே, வேறெப்படி விழும். ஆனால் உன் வீட்டுக்காரருக்கு எண்பத்தொன்று ஆகிறது, கல்லறை அளவில் உட்காரக் கூடாது. இதைப் படிப்பதற்குள் ஐம்பதில் உட்கார வைத்திருந்தால், முதலில் அவரை எழுந்திருக்கச் சொல்.