ரொசேரின் சங்கீதக் காது

நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு. பட்டாணி சூப்புக்கும் ரொட்டிக்கும் நடுவில் என் கணவன் ரொசேர் ஒரு பிரகடனம் செய்தான். கிறிஸ்துமஸுக்குள் அவன் பியானோ வாசிக்கப் போகிறான்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எங்கள் மகள் ஒடீல் கரண்டியைக் கீழே போட்டாள். அவளுக்குப் பதினோரு மாதம். அவள் எதையும் கீழேதான் போடுவாள்.

"டிஜிட்டல் பியானோ," என்றான். "ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டா ஒரு சத்தம் வெளிய வராது. குழந்தை தூங்கும். கீழ்வீட்டு கொஸ்லென் அம்மா துடைப்பக் கட்டையால இடிக்க மாட்டாங்க. உனக்கும் நிம்மதி."

"சத்தம் வெளிய வராது, சரி. உள்ள போகுமா?"

"எதுக்குள்ள?"

"உன் காதுக்குள்ள. குழந்தை அழுதா?"

"அடிப்பாவி கிளெமான்ஸ், நான் என்ன செவிடா?"

நான் பயந்தவள். அதை மறைப்பதில்லை. ஒடீல் பிறப்பதற்கு முன் கடவுளுக்கும் கணக்கு வாத்தியாரம்மாவுக்கும் மட்டும் பயந்தேன். இப்போது திராட்சைப் பழத்துக்குப் பயம். திரைச்சீலைக் கயிற்றுக்குப் பயம். மாடிப்படிக்குப் பயம். அவள் அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். அதிக நேரம் தூங்கினால் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் அவள் விழித்துக்கொண்டு அலறினால் எனக்கு அப்பாடா என்றிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை கோயிலில் பாடற்குழுப் பயிற்சி. குழந்தை பிறந்ததிலிருந்து நான் போகவில்லை. குழுத் தலைவி ஃபெர்னாந்த் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "டிசம்பர் பொறந்தும் நீ வரலேன்னா கிறிஸ்துமஸ் தனிப்பாட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்." எனக்குப் போக ஆசை. அதற்கு ஒன்றே ஒன்று வேண்டும். நான் வெளியே இருக்கும் இரண்டு மணி நேரம், குழந்தை அழுதால் வீட்டில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பியானோ வந்த அன்று வெளியே மைனஸ் இருபத்தேழு. இரண்டு பேர் பெட்டியை நடையில் இறக்கிவிட்டு, பூட்ஸிலிருந்த பனியையும் இறக்கிவிட்டுப் போனார்கள். ரொசேர் ரொட்டி வெட்டும் கத்தியால் பெட்டியைக் கிழித்தான். அடுத்த நிமிடம் வயரும் கையுமாகச் சுவரில் ப்ளக் பாயிண்ட் தேடிக்கொண்டிருந்தான்.

வின்னிபெக்கில் குளிர்காலத்தில் எல்லா வண்டியின் மூக்கிலிருந்தும் ஒரு வயர் தொங்கும். இரவு அதை வீட்டுச் சுவரில் சொருகி எஞ்சினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் வண்டி நகராது. ரொசேர் பிறந்து வளர்ந்தது இங்கேதான். உறைந்துபோன எதைப் பார்த்தாலும் ப்ளக்கில் போட வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் இருக்கிறது.

"என்ன பண்ற?"

"கரண்ட்ல போடறேன். சூடாகட்டும்."

"இது வண்டி இல்ல ரொசேர்."

"பாவம், குளிர்ல வந்திருக்கு. ஒரு மணி நேரம் ப்ளக்குல கிடந்தா தெளிஞ்சிடும்."

"வெளியிலேர்ந்து வீட்டுக்குள்ள வந்ததும் உன் மூக்குக்கண்ணாடி என்ன ஆகுது?"

"ஆவி படியும்."

"அப்புறம்?"

"தண்ணியா வழியும்."

"அதே தண்ணி இப்ப இதோட வயித்துக்குள்ள படியுது. அதுல நீ கரண்ட் விடப் போற."

ரொசேர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். திரும்ப மாட்டிக்கொண்டான். "யார் சொன்னா?"

"கையேடு. நாலாம் பக்கம். ஒரு நாள் முழுக்க வீட்டுச் சூட்டுல அப்படியே வைக்கணும்."

"கையேடு படிக்கிறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?"

நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். எதை எடுத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும், அடியில் பொடி எழுத்தில் இருப்பதை இரண்டு தடவை படிக்க வேண்டும், சாத்தான் அங்கேதான் குடியிருக்கிறான் என்று அல்ஃபோன்சீன் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கையேடு அறுபத்து நான்கு பக்கம். நான் ஞானோபதேசம் படித்த மாதிரி படித்தேன்.

மறுநாள் ரொசேர் பியானோ நிற்கும் தாங்கியைப் பூட்டினான். பூட்டி முடித்தபின் தரையில் நான்கு நீளத் திருகாணிகள் மிச்சம் கிடந்தன.

"கம்பெனிக்காரனுக்குத் தாராள மனசு," என்றான். "நாலு கூடுதலா போட்டிருக்கான்."

ஒரு கட்டையை அழுத்தினான். பியானோ அவனுக்குத் தலைவணங்கியது. இன்னொன்றை அழுத்தினான். இந்தப் பக்கமும் வணங்கியது. ஒடீல் அதன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதாக எனக்கு ஒரு காட்சி தோன்றியது.

அவன் வேலைக்குப் போனதும் எல்லாவற்றையும் பிரித்தேன். நான்கு திருகாணிகளையும் அவை இருக்க வேண்டிய இடத்தில் முடுக்கினேன். பியானோவை ஹீட்டரிலிருந்து தள்ளி, முதுகு சுவரில் ஒட்டுகிற மாதிரி நிறுத்தினேன். அதனுடன் வந்த அடாப்டரை மட்டும் மாட்டி, வயரைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். மாலையில் ரொசேர் வந்து பியானோவை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"பாத்தியா? தானாவே செட் ஆயிடுச்சு. மரம் அப்படித்தான். ஒரு நாள் விட்டா இறுகிடும்."

பிறகு ஹெட்ஃபோன் போட்டான். கண்ணை மூடினான். நான்கு சுரம் வாசித்தான். அதே நான்கைத் திரும்ப வாசித்தான். முகத்தில் பேரின்பம். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு பாத்திர மூடியைத் தரையில் போட்டேன். அசையவில்லை. "ரொசேர், தீப்பிடிச்சிடுச்சு!" என்றேன். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் திருப்பினான்.

அந்த வாரமே அது நடந்தது. துணி துவைக்க நிலவறைக்குப் போனேன். பத்தே நிமிடம். திரும்பி வந்தபோது ஒடீல் தொட்டிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். முகம் பீட்ரூட். அழுது அழுது குரல் போய் விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருக்கிறது. நாலடி தூரத்தில் அவள் அப்பா கண்மூடி நான்கு சுரம்.

"ஒரு காதைத் திறந்து வெச்சுக்கோன்னு சொன்னேனா இல்லியா?"

"வெச்சிருந்தேனே."

"எப்போ?"

"ஆரம்பிக்கும்போது."

"குழந்தை தொண்டை கட்டிப்போற வரைக்கும் அழுதிருக்கா!"

"இல்லியே, நல்லாத்தான் இருந்தா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சத்தமே இல்லியே," என்றான்.

நான் சண்டை போடவில்லை. குழந்தையை மார்போடு அணைத்தபடி கையேட்டை எடுத்தேன். இருபத்து மூன்றாம் பக்கம்.

பியானோவின் பின்பக்கம் சில துளைகள். அதில் ஒன்று, வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவருவதற்கு. ஃபோனிலிருந்து பாட்டு விட்டால், நாம் வாசிப்பதோடு சேர்ந்து அதுவும் ஹெட்ஃபோனில் கேட்கும். எங்களிடம் ஒரு பேபி மானிட்டர் உண்டு. ஒரு பெட்டி தொட்டில் பக்கத்தில், மற்றது சமையலறை அலமாரியில். அங்கே ஒடீல் மூச்சுவிட்டால் இங்கே கேட்கும். சமையலறைப் பெட்டியில் இயர்ஃபோன் சொருக ஒரு துளை இருந்தது. அதையும் பியானோவின் துளையையும் இணைக்க ஒரு வயர் வாங்கினேன். பெட்டியைப் புத்தக அலமாரியின் பின்னால் ஒளித்தேன். அது எங்கே போயிற்று என்று ரொசேர் கேட்கவில்லை. அது எங்கே இருந்தது என்றே அவனுக்குத் தெரியாது.

இரண்டையும் அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒலியைப் பூஜ்யத்தில் வைத்த பிறகே சொருக வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் காது கெட்டுவிடும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அப்படியே செய்தேன். அவன் காதும் எனக்கு வேண்டுமே.

டிசம்பரின் முதல் செவ்வாய். கோட்டும் மஃப்ளரும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்," என்றான் ரொசேர். ஹெட்ஃபோன் ஏற்கனவே தலையில். தான் சொன்னது அவனுக்கே கேட்டிருக்காது.

படி இறங்கினேன். தெருக்கதவு வரை போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. கொஸ்லென் அம்மாவின் கதவைத் தட்டினேன்.

"பத்து நிமிஷம் உக்காந்துக்கட்டுமா?"

"உக்காரு. ஆனா பூட்ஸைக் கழட்டு பொண்ணே, தரையெல்லாம் ஈரம்." அவர் கூரையைக் காட்டினார். "கேக்குதா?"

டொக். டொக். டொக்-டொக்.

"சத்தமே வராதுன்னு சத்தியம் பண்ணான் உன் புருஷன். பாட்டு வரல. கட்டை வருது! பத்து நாளா என் தலைமேல ஒரு மரங்கொத்தி குடியிருக்கு. அது என்ன பாட்டு?"

"தெரியலம்மா."

"அவனுக்காவது தெரியுமா?"

நான் அவரிடம் வயரைப் பற்றிச் சொன்னேன். கொஸ்லென் அம்மா செய்தித்தாளை மடித்து வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இருவரும் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம், பூசையில் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது பார்ப்பதுபோல.

டொக். டொக். டொக்-டொக். டொக்.

நின்றது. பாதிச் சுரத்தில் நின்றது. நாற்காலி தரையில் கீறியது. தடதடவென்று காலடி. அதன் பின்னால் மெல்லிசாக, கூரை வழியாக, எனக்கு மட்டும் தெரிந்த அந்த அழுகை. பிறகு அது அடங்கியது.

"ஓடறான்," என்றார் கொஸ்லென் அம்மா.

"ஆமா."

"என் வீட்டுக்காரர் நாப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் ஓடினாரு. அதுவும் ஹாக்கி மேட்சுக்கு."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் ஒரு காகிதத் துண்டைக் கையில் திணித்தார். "மூக்கைத் தொடச்சிக்கிட்டுக் கிளம்பு. கூரையை நான் பாத்துக்கறேன்."

போனேன். பாடினேன். குரல் துருப்பிடித்திருக்கிறது என்றாள் ஃபெர்னாந்த். ஆனால் தனிப்பாட்டை எனக்கே கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது ரொசேர் தோளில் குழந்தையோடு நடுக்கூடத்தில் நின்றிருந்தான். திருக்காட்சி கண்டவன் முகம்.

"கிளெமான்ஸ், உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

உட்கார்ந்தேன். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"ரெண்டு காதையும் மூடியிருந்தேன். அப்பவும் கேட்டுது."

"என்ன கேட்டுது?"

"ஒடீல் அழறது. காதுக்குள்ளயே நின்னு அழற மாதிரி. இது சாதாரண காது இல்ல கிளெமான்ஸ். பயிற்சியால வந்தது. சங்கீதக்காரங்களுக்கு இப்படி ஆகும். உனக்கு இந்த மாதிரி கேக்குமா?"

"எனக்கு அந்த அளவுக்குக் கேக்காது," என்றேன்.

இது பொய் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் பலமுறை எடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ரொசேர் ஊரெல்லாம் சொன்னான். பனி வாரும் வண்டிகள் நிற்கும், அவன் வேலை பார்க்கும் ஷெட்டில் சொன்னான். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் ஃபெர்னாந்திடம் சொன்னான். ஃபாதரிடமே சொன்னான். "அவ புரண்டு படுத்தாக்கூட எனக்குக் கேக்கும், ஃபாதர்." அதுவும் உண்மைதான். நல்ல மானிட்டர். "நீ எந்திரிக்காதே, உனக்குத்தான் கேக்காதே," என்று என்னை உட்கார்த்திவிட்டு அவனே ஓடினான். செவ்வாயோடு வியாழனும் பயிற்சிக்குப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை. மரம் வைக்க இடம் போதவில்லை என்று ரொசேர் பியானோவை நகர்த்தினான். நான் சமையலறையில் கிறிஸ்துமஸ் இறைச்சி அடையின் மாவு ஓரத்தை அழுத்தி மூடிக்கொண்டிருந்தேன்.

"கிளெமான்ஸ்."

"ம்."

"இது என்ன?"

"வயர்."

"எங்கேர்ந்து எங்க போகுது?"

"இருபத்து மூணாம் பக்கம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ரொசேர் ஒரு கையேட்டைத் திறந்தான். நின்றபடியே படித்தான். உதடு அசைந்தது. பொடி எழுத்துக்கு வந்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. கொஸ்லென் அம்மாவுக்கு."

"ஃபாதருக்கு?"

"நான் சொல்லல."

"ஃபெர்னாந்துக்கு?"

"அவங்ககிட்ட நீ வேற மாதிரி சொல்லியிருக்கியே."

அவன் வயரைப் பிடுங்கினான். சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். மரத்தை நிறுத்தப் போனான். என் செவ்வாய்க்கிழமைகள் அந்தப் பைக்குள் போய்விட்டன என்றுதான் நினைத்தேன்.

நான்கு மணிக்குக் குடும்பங்களுக்கான பூசை. நான் மேலே பாடகர் மாடத்தில். கீழே மூன்றாம் வரிசையில் ரொசேர், கொஸ்லென் அம்மா, அவர் மடியில் ஒடீல். ஆர்கன் நின்றது. என் தனிப்பாட்டுக்கு முன் வரும் அந்த அமைதி. அதில் ஒடீல் ஒரு சின்ன முனகல் முனகினாள். அழுகைகூட இல்லை, அழுகைக்கு முன்னுரை.

யாரும் குழந்தையைப் பார்க்கவில்லை. முதல் வரிசை திரும்பி ரொசேரைப் பார்த்தது. நான்காம் வரிசை எட்டிப் பார்த்தது. ஃபெர்னாந்த் கைகளை உயர்த்தியபடியே கீழே பார்த்தாள். பீடத்திலிருந்து ஃபாதரும் பார்த்தார். எல்லாரும் அந்தக் காதுக்காகக் காத்திருந்தார்கள்.

ரொசேர் ஒரு கணம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இது தனக்கு முன்னமே கேட்டுவிட்டது என்பதுபோல் நிதானமாகத் தலையசைத்து எழுந்தான். குழந்தையை வாங்கிக்கொண்டு, குளிர் அடிக்கும் வாசல் மண்டபத்துக்கு நடந்தான். பூசை முடியும் வரை அங்கேயே நின்றான். நான் பாடினேன்.

வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே பியானோவிடம் போனான். பையிலிருந்து வயரை எடுத்தான். பியானோவை அணைத்தான். மானிட்டர் பெட்டியை அணைத்தான். இரண்டு பக்கமும் ஒலியைப் பூஜ்யத்துக்குத் திருகினான். சொருகினான். பிறகு மிகுந்த கண்டிப்போடு என் பக்கம் திரும்பினான்.

"இதுல மட்டும் நீ கை வைக்காதே, கிளெமான்ஸ். ரெண்டு பக்கமும் பூஜ்யத்துல வெச்சுட்டுத்தான் சொருகணும், தெரியாம சொருகினா காது போயிடும். எல்லாம் கையேட்டுல இருக்கு. நீ எங்க அதெல்லாம் படிக்கப் போற?"