அரக்கு வைத்த திருகாணி

உலகத்திலேயே தன் மகளை ஓடுகிற காரிலிருந்து பெண் பார்க்க வைத்த ஒரே மனிதர் என் மாமனார்தான். நம்பாதவர்கள் முப்பதுகளில் இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைவீதியில் நடமாடிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கட்டும். புடவைக்கடை வைத்திருந்த அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊர் வைத்த பெயர் 'போய்க்கிட்டே முதலாளி'.

எல்லாம் அவருடைய காரால் வந்தது. அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, பெட்ரோல் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொழும்பில் ஒரு கடையில் வேறு கார்புரேட்டர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். கடைக்காரன், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைக்க அதிலிருந்த சின்னத் திருகாணியை அப்படியும் இப்படியும் திருகி, நின்ற இடத்தில் இன்ஜினைத் தாலாட்டுப் போல ஓடவிட்டு, "இதுல இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். முதலாளிக்கு அது வேதவாக்கு. திருகாணியின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

கொழும்பில் தாலாட்டிய கார் ஹட்டனுக்கு ஏறி வந்ததும் மூச்சு முட்டியது. ஓடும்வரை ஓடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இருமும், நிறுத்தினால் செத்துவிடும். சூட்டோடு செத்த இன்ஜினுக்கு, தோள்பட்டை கழலும்வரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் உயிர் வராது. மேட்டிலிருந்து உருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் யாராவது மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டும். ஆகவே முதலாளியின் சிநேகிதமெல்லாம் மேட்டில் வீடு வைத்திருப்பவர்களோடு சுருங்கிப்போனது. சமதரைப் பிள்ளையாரை ஓட்டியபடியே கும்பிட்டார். யாராவது வழியில் கைகாட்டினால், "போய்க்கிட்டே பேசுவோம், ஏறுங்க" என்பார்.

திரும்பக் கொழும்புக்குக் கொண்டுபோனால் ஒரு குறையும் இல்லை. மட்கார்டின் மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்தால் தளும்பாதாம். மலை ஏறினால் பழைய குருடி கதவைத் திறடி. நடுவில் கினிகத்தேனையில் யாரோ கண் வைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, அங்கே தேங்காய் உடைத்தார். காருக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். திருகாணியைக் கொஞ்சம் திருகிப் பார்ப்போமே என்ற ஹட்டன் மெக்கானிக்கை மட்டும் கிட்டவே விடவில்லை. "கொழும்புக்காரன் வச்ச அளவு. அதுல கைய வச்சா வெளங்காது" என்றார்.

இந்தக் காரின் புண்ணியத்தில் அவர் மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகப் பண்டாரவளையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். அப்பா, அம்மா, மாப்பிள்ளையாகிய நான். இதுவும் தட்டிப்போனால் அப்புறம் யாரும் வரமாட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததாம்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு கார் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு தலை நீண்டு, "வாங்க சம்பந்தி. அடுத்த சுத்துல ஏறிக்குங்க" என்றது. இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி! அம்மா எப்படியோ ஏறிவிட்டாள். அப்பா ஒரு கையில் குடையும் மறுகையில் வேட்டித் தலைப்புமாக ஓடிவந்து தொற்றிக்கொண்டார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

முதலாளியின் வீடு டிக்கோயாவில், சுத்தச் சமதரையில் இருந்தது. வாசலில் தேத்தண்ணித் தட்டோடு ஒரு பெண் நின்றாள். கார் அவளைத் தாண்டிப் போனது.

"அதான் பொண்ணு, மீனாட்சி. நல்லா பாத்துக்கங்க" என்றார் முதலாளி. சந்தியில் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தார். "இந்தப் பக்கமும் பாத்துக்கங்க."

மூன்றாம் தடவை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "வண்டிய நிப்பாட்டுறீங்களா, நான் குதிக்கட்டுமா?"

நிறுத்தினார். இன்ஜின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

"பொண்ணு பாக்க வந்த வாசல்ல வண்டி சாகுது. சகுனம் சரியில்ல. நடடா ஸ்டேஷனுக்கு" என்று அப்பா குடையை விரித்துக்கொண்டு நடந்தே விட்டார்.

மீனாட்சி அழவில்லை. தட்டை மதில்மேல் 'டொங்'கென்று வைத்தாள். "கொழும்பு அத்தை வீட்டுல ரெண்டு கொதியில வேகுற பருப்பு, இங்க மலை மேல எவ்வளவு கொதிச்சாலும் வேகுதாப்பா? பருப்புக்கே எடத்துக்கு எடம் பக்குவம் மாறுது. ஒங்க திருகாணிக்கு மட்டும் ஒரே அளவா?"

முதலாளி அவளைப் பார்த்தார். தூரத்தில் போய்க்கொண்டிருந்த குடையைப் பார்த்தார். பானட்டைத் திறந்து, தட்டிலிருந்த தேத்தண்ணிக் கரண்டியை எடுத்தார். "எம் புள்ளய விடவா இது பெருசு" என்று முனகியபடி, சந்தனம் குங்குமத்தோடு அரக்கைப் பெயர்த்தெடுத்தார். இந்த மனுஷனுக்காகவாவது இந்தப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அப்பா பின்னால் அம்மாவும் போகவில்லை; நானும் போகாமல் காரைத் தள்ளினேன். பட்டு வேட்டியெல்லாம் சேறு. இன்ஜின் பிடித்துக்கொண்டது. முதலாளி கியரை எடுத்து வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், "திருகும்மா" என்றார். மீனாட்சி காதைச் சாய்த்துக் கேட்டபடி, கரண்டிக் காம்பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். இருமல் குறைந்தது.

"இப்ப கால எடுங்கப்பா."

எடுத்தார். கார் நின்ற இடத்தில் நின்றது, இன்ஜின் நிற்கவில்லை.

முதலாளி இறங்கி ஒரு கோப்பைத் தேத்தண்ணியை மட்கார்டின் மேல் வைத்துவிட்டு, அப்பாவிடம் ஓடினார். "சம்பந்தி, வண்டி நிக்குது. வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." அப்பா திரும்பி வந்தார். தளும்பாத கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை மடக்கிவிட்டு அதை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, ஆனாலும் சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா பண்டாரவளைக்கு வரும்போதெல்லாம் இன்ஜினை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். கார்புரேட்டரில் மிச்சம் பிடித்த பெட்ரோலெல்லாம் எங்கள் வாசலில்தான் புகைந்தது. "அணைச்சிட்டு வாங்க மாமா" என்றால், "நிக்கட்டும் மாப்ளே. நிக்கிற அழகப் பாக்க வேணாமா?" என்பார்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இப்போதும் வாசலில் யாருடைய காராவது அணைக்காமல் நின்றால், யாரென்று எட்டிப் பார்க்கும் முன்பே மீனாட்சி அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறாள். நானும் வேண்டாமென்று சொல்வதில்லை.